பேப்பர் கட்டிங்கைத் திரையில் தைப்பது: டிஜிட்டல் பேட்டர்ன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் இறக்கிக்கொள்ளும் தையல் பேட்டர்னை வைத்து, துணியே இல்லாமல் கணினியில் உடுப்பு தைப்பது பற்றி இரண்டு வகை ஆட்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு வகையினருக்குத் தையல் கைவந்த கலை, கணினிதான் புதிது. இன்னொரு வகையினர் கேம், அனிமேஷன் பக்கம் இருப்பவர்கள்; பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் ஊசி பிடித்ததில்லை. இரண்டு பேரும் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பேட்டர்ன் காகிதத்தில் இருப்பதை முழுசாகப் படிக்காமல் மென்பொருளுக்குள் தள்ளிவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள பதில்களில் மென்பொருளைவிடக் காகிதத்தைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறேன்.

டிஜிட்டல் பேட்டர்ன் என்றால் என்ன?

தையல் வகுப்பில் பிரவுன் ஷீட்டில் வரைந்து வெட்டுகிறோமே, அந்தப் பேப்பர் கட்டிங்தான். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர், பட்டி என்று ஒவ்வொரு துண்டின் உருவமும் கோடுகளாகக் கோப்பில் இருக்கும். பேட்டர்னை அச்சடித்து விற்பது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் அளவு வாரியான காகிதப் பேட்டர்ன்களை 1863லேயே விற்க ஆரம்பித்துவிட்டார். இப்போது அது தபாலுக்குப் பதில் கோப்பாக வருகிறது.

கோப்பு மூன்று விதமாக வரும். பிடிஎஃப் என்பது அச்செடுக்க. ஏ4 தாள்களை ஒட்டிச் சேர்க்கும்படி இருக்கும், அல்லது கடையில் கொடுத்து எடுக்கும் ஏ0 பெரிய தாளாக இருக்கும். எஸ்விஜி என்பது கோடுகளைத் திருத்த வசதியான வடிவம். டிஎக்ஸ்எஃப் என்பது கார்மென்ட் கம்பெனிகளின் கேட் (கணினியில் வரையும்) மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வடிவம். டிஎக்ஸ்எஃப் முதலில் 1982ல் ஆட்டோகேடோடு வந்தது. ஆடைத் தொழிலுக்கென்று அதில் ஏஏஎம்ஏ, ஏஎஸ்டிஎம் என்று இரண்டு ஒழுங்குகள் பிறகு ஏற்பட்டன. அந்த ஒழுங்கில் ஒவ்வொரு லேயருக்கும் ஒரு வேலை: 1ல் துண்டின் வெளிக்கோடு, 4ல் நாட்ச் (எந்த இடம் எதோடு சேர வேண்டும் என்று ஓரத்தில் போடும் சின்னக் குறி), 7ல் இழை நேர்க்கோடு (துணியின் பாவு நூல் ஓடும் திசை), 14ல் தையல் கோடு. விற்பவர் டிஎக்ஸ்எஃப்பும் தருகிறார் என்றால் கூடக் கொஞ்சம் காசு கொடுத்தாவது அதை வாங்குங்கள். பாதி வேலை மிச்சம்.

எந்த மென்பொருளில் தைப்பது?

குளோ, மார்வலஸ் டிசைனர் இரண்டும் தென்கொரியாவின் சோல் நகரத்து நிறுவனம் ஒன்றே செய்பவை. நிஜமாகத் தைத்து விற்கப்போகும் உடுப்புக்குக் குளோ, கேமுக்கும் படத்துக்கும் மார்வலஸ் என்று பொதுவாகச் சொல்வார்கள். அடிப்படை வேலை இரண்டிலும் ஒன்றுதான். பெரிய ஆடை நிறுவனங்களில் வி-ஸ்டிச்சரும் ஓடுகிறது. இவை எல்லாம் சந்தா கட்ட வேண்டியவை. குளோவும் மார்வலஸும் சில நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்க விடும். காசு போட முடியாதவர்களுக்கு பிளெண்டர் இருக்கிறது. அதன் துணி சிமுலேஷனில் (துணி எப்படி விழும் என்று கணக்கிட்டுக் காட்டும் பகுதியில்) தையல் என்று ஒரு வசதி உண்டு: இரண்டு துண்டுகளின் ஓரங்களுக்கு இடையே வெற்று எட்ஜ்களை, அதாவது வெறும் இணைப்புக் கோடுகளை, போட்டுவிட்டால் அவை நூல் மாதிரி இழுத்துச் சேர்க்கும். வேலை கையால் அதிகம், ஆனால் நடக்கும்.

பேட்டர்னை நீங்களே வரைய சீம்லி2டி, வாலண்டினா இரண்டும் இலவசம்.

முதல் தடவை எதை எடுத்துப் பழகலாம்?

பனியன். ஃப்ரீசூயிங் என்று திறந்த மூலத் திட்டம் ஒன்று இருக்கிறது. நாம் கொடுக்கும் உடல் அளவுக்கே பேட்டர்னை வரைந்து தருகிறது. அதில் ஆரன் என்ற பெயரில் கையில்லாத பனியன் ஒன்று உண்டு. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கழுத்துக்கும் கைக்குழிக்கும் பட்டி, அவ்வளவுதான். தையல் என்று பார்த்தால் இரண்டு தோள், இரண்டு பக்கம். இன்னொரு வசதி, தையலுக்கு விடும் இடம் வேண்டுமா வேண்டாமா என்று அதிலேயே சொல்லிவிடலாம். திரையில் தைக்க வேண்டாம் என்றே போடுங்கள். காரணம் கீழே வருகிறது.

எடுத்த எடுப்பில் கோட்டு, கட்டோரி ரவிக்கை என்று போகாதீர்கள். பனியனில் தோள் தையல் சரியாக உட்காரும் இடத்தை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் சட்டைக்குப் போகலாம்.

இறக்குமதி செய்தால் உடுப்பு எறும்பு மாதிரி சின்னதாகவோ மலை மாதிரி பெரிதாகவோ வருகிறது. ஏன்?

அலகுக் குழப்பம். டிஎக்ஸ்எஃப் கோப்பில் பல நேரம் வெறும் எண்தான் இருக்கும். அது மில்லிமீட்டரா, சென்டிமீட்டரா, இஞ்சா என்று இறக்குமதி செய்யும்போது நாம்தான் சொல்ல வேண்டும். இஞ்சில் வரைந்ததை மில்லிமீட்டர் என்று சொல்லிவிட்டால் 25.4 மடங்கு சுருங்கி, முழுச் சட்டையும் அவதாரின் (உடுப்பை மாட்டிப் பார்க்கும் திரை உருவத்தின்) கணுக்காலுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் கிடக்கும்.

இது கண்ணுக்குத் தெரிகிற தவறு, திருத்திவிடலாம். தெரியாத தவறுதான் ஆபத்து. பிடிஎஃப்பில் ஒரு இஞ்சுக்கு 72 புள்ளி. எஸ்விஜி திருத்தும் இங்க்ஸ்கேப் மென்பொருள் இப்போது ஒரு இஞ்சுக்கு 96 பிக்சல் என்று கணக்கு வைக்கிறது. 2017ல் வந்த 0.92 பதிப்புக்கு முன்னால் அது 90 ஆக இருந்தது. 90 கணக்கில் சேமித்த பழைய கோப்பை 96 கணக்கில் திறந்தால் எல்லாம் 0.9375 மடங்காகிவிடும். பார்த்தால் சட்டை சட்டை மாதிரியே இருக்கும். ஆனால் 100 செ.மீ. இருக்க வேண்டிய மார்புச் சுற்று 93.75 தான் இருக்கும். உடம்புக்கு மேல் விட்டிருந்த லூஸ் முழுக்க அதிலேயே காலி.

எனக்கே இது நடந்தது. காசு கொடுத்து வாங்கிய குர்தா பேட்டர்ன் ஒன்றில் சோதனைக் கட்டம் (அளவு சரிபார்க்கப் பேட்டர்னிலேயே வரைந்திருக்கும் சதுரம்) இல்லை. திரையில் இடுப்பு பிடித்துக்கொண்டே இருந்தது. அவதார் அளவுதான் தப்பு என்று நினைத்து அதன் இடுப்பைக் குறைத்தேன், துணியை மாற்றினேன், ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. கடைசியில் அளவுப் பட்டியலில் கை வாய் அகலம் 18 செ.மீ. என்று போட்டிருந்ததைப் பார்த்துத் திரையில் அளந்தால் 16.9 வந்தது. 16.9ஐ 18ஆல் வகுத்த உடனேதான் விஷயம் புரிந்தது.

ஆகவே எந்தப் பேட்டர்னையும் தைப்பதற்கு முன்னால் அதிலுள்ள சோதனைக் கட்டத்தை அளந்து பாருங்கள். 10 செ.மீ. கட்டம் 7.5 என்று வந்தால் 72க்கும் 96க்கும் இடையே குழம்பியிருக்கிறது. 9.4 என்று வந்தால் 90க்கும் 96க்கும் இடையே. கட்டமே இல்லையா? உள்ளே எழுதியிருக்கும் ஏதாவது ஒரு முடிந்த அளவை, கை வாயோ நீளமோ, பிடித்துக்கொண்டு சரிபாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன்.

தையலுக்கு விட்ட இடத்தை என்ன செய்வது?

நிஜத் துணியில் ஓரத்திலிருந்து ஒரு அளவு உள்ளே தள்ளித் தைக்கிறோம். திரையில் ஓரமும் ஓரமும் நேராக ஒட்டுகிறது. அதனால் தையலுக்கு விட்ட இடத்தோடு இறக்குமதி செய்தால் உடுப்பு அவ்வளவும் பெரிதாகிவிடும். அமெரிக்கப் பேட்டர்ன்கள் பலவற்றில் 5/8 இஞ்ச், அதாவது சுமார் 1.5 செ.மீ. விட்டிருப்பார்கள். இரண்டு பக்கத் தையல், ஒவ்வொன்றிலும் இரண்டு ஓரம். சுற்றளவில் மட்டும் 6 செ.மீ. கூடிவிடும். ஐரோப்பியப் பத்திரிகைப் பேட்டர்ன்கள் சிலவற்றில் எதுவுமே விட்டிருக்காது. ஒவ்வொரு தடவையும் குறிப்பைப் படித்தே ஆக வேண்டும்.

செய்ய வேண்டியது இது: வெளிக்கோட்டைத் தையல் கோடு வரை உள்ளே இழுங்கள். பேட்டர்னில் தையல் கோடு தனியாக இருந்தால் அதையே எடுங்கள். அடி மடிப்புக்கு விட்ட இடத்தையும் மறக்காதீர்கள். அது பெரும்பாலும் மற்ற ஓரங்களைவிட அதிகமாக இருக்கும்.

பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது. எப்படி உள்ளே கொண்டுவருவது?

குளோ பிடிஎஃப்பை நேராகவே வாங்கும், ஆனால் வருவது கோடுகளின் குவியல்: எல்லா அளவுகளும் ஒன்றின் மேல் ஒன்று, எழுத்து, அம்புக்குறி, தாள் ஒட்டும் கோடு எல்லாம் சேர்ந்து. முதலில் இங்க்ஸ்கேப்பில் திறந்து, உங்களுக்கு வேண்டிய அளவின் லேயரை மட்டும் வைத்து மற்றதை அழியுங்கள். தாள் ஓரத்தில் அறுந்த கோடுகளை ஒட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் மூடிய ஒரே கோடாக வர வேண்டும்.

இன்னொன்று, மாற்றும்போது வளைவுகள் நூற்றுக்கணக்கான குட்டி நேர்க்கோடுகளாக உடைந்துபோகும். கைக்குழி ஒன்றிலேயே எண்பது புள்ளி இருந்தால் அதை எப்படித் தைப்பது? புள்ளிகளைக் குறையுங்கள். மூலையில் ஒரு புள்ளி, நாட்ச் இடத்தில் ஒரு புள்ளி, நடுவில் வளைவைத் தாங்க ஒன்றிரண்டு. இது சலிப்பான வேலைதான், ஆனால் அப்புறம் தைப்பது சுகம்.

இதெல்லாம் முடியாது என்றால் பழைய வழி ஒன்று உண்டு. அளவு தெரிந்த ஒரு செவ்வகத்தின் மேல் பேட்டர்ன் படத்தை ஒட்டி, அதன் மேலேயே பேனா கருவியால் வரைந்து எடுப்பது. பனியனுக்கு அரை மணி நேரம் போதும்.

'மடிப்பில் வைத்து வெட்டு' என்று எழுதியிருக்கும் துண்டு பாதிதான். அந்த ஓரத்தைத் தேர்ந்து விரித்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் இதைத் தவறவிட்டு அரை முதுகோடு தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த ஓரம் எதோடு சேரும் என்று கோப்பே சொல்லாதா?

சொல்லாது. டிஎக்ஸ்எஃப்பில் துண்டின் உருவம் இருக்கும், நாட்ச் இருக்கும். எதை எதோடு தைக்க வேண்டும் என்பது இருக்காது. அது உங்களுக்குத் தெரிய வேண்டும், அல்லது தையல் குறிப்பைப் படிக்க வேண்டும்.

தோளும் பக்கமும் சுலபம். கை வைப்பதில்தான் ஆட்கள் திணறுகிறார்கள். சாதாரண நெசவுத் துணிச் சட்டையில் கைக்குழி 46 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கையின் மேல் வளைவை அளந்தால் 48 இருக்கும். கணினிப் பக்கத்திலிருந்து வருகிறவர், இது தவறு என்று அந்த 2 செ.மீ.ஐ வெட்டிவிடுவார். தையல்காரர் வெட்ட மாட்டார். தோள் உருண்டை, அந்த உருண்டையின் மேல் கை வழுவழுவென்று உட்கார அந்தக் கூடுதல் துணி வேண்டும். ஊசியால் மெல்ல அமுக்கி, சுருக்கம் தெரியாமல் உள்ளே வாங்குவார்கள்.

மென்பொருளுக்கு அந்தக் கூடுதல் துணியை எங்கே வாங்குவது என்று தெரியாது. மொத்தத்தையும் சமமாகப் பரப்பிவிடும். அக்குளிலும் சுருக்கம் வரும். அதற்குத்தான் நாட்ச். முன்பக்கத்துக்கு ஒரு நாட்ச், பின்பக்கத்துக்கு இரட்டை நாட்ச் என்று வைப்பது வழக்கம். கைக்குழியை அந்த நாட்ச்களிலும் தோள் முனையிலும் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகத் தையுங்கள். அக்குளிலிருந்து நாட்ச் வரை இரண்டு பக்கமும் நீளம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்; கூடுதல் எல்லாம் நாட்சுக்கு மேலே, தோளைச் சுற்றிப் போய்ச் சேரும். இப்படித் தைத்து, ஸ்பேஸ் பாரைத் தட்டிச் சிமுலேஷனை ஓடவிட்டுப் பாருங்கள், கை தானாக முன்னோக்கித் தொங்கும். நிஜக் கை அப்படித்தானே தொங்குகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது சந்தோஷமாக இருக்கிறது.

தைத்த இடம் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டால், தையல் திசை தலைகீழாக இருக்கிறது என்று பொருள். திரையில் தையல் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு நிற்கும். திசையைத் திருப்பினால் சரி.

துணி ரப்பர் பொம்மைச் சட்டை மாதிரி தெரிகிறது. என்ன தப்பு?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, மென்பொருள் துணியைக் குட்டி முக்கோணங்களின் வலையாகத்தான் பார்க்கிறது, அந்த வலை பெரிதாக இருக்கிறது. குளோவிலும் மார்வலஸிலும் துண்டுகளின் முக்கோண வலை முதலில் 20 மி.மீ. இடைவெளியில் இருக்கும், வேகத்துக்காக. தைத்துப் பொருத்திய பிறகு அதை 5க்குக் குறைத்தால்தான் சின்ன மடிப்புகள் விழும். தொடக்கத்திலேயே 5 வைத்தால் கணினி மூச்சு வாங்கும்.

இரண்டாவது காரணம் துணியின் குணம். எடை, தடிமன், பாவுப் பக்கம் இழுவை, ஊடைப் பக்கம் இழுவை, மூலைவாக்கில் இழுவை, வளையும் தன்மை என்று மென்பொருள் கேட்கும். மென்பொருளோடு வரும் துணிப் பட்டியலில் இருக்கும் 'காட்டன்' உங்கள் கையில் இருக்கும் காட்டன் இல்லை. திருப்பூரில் எந்த நிட்டிங் யூனிட்டுக்குப் போனாலும் வட்டமான ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) கட்டர் ஒன்று இருக்கும். துணி மேல் வைத்து ஒரு திருகு திருகினால் சரியாக 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டும். அதைத் தராசில் வைத்து நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.6 கிராம் என்றால் 160. வீட்டில் கட்டர் இல்லையென்றால் 10க்கு 10 செ.மீ. சதுரம் வெட்டி, நகை எடை போடும் குட்டித் தராசில் வைத்தால் அதே கணக்குதான். வளையும் தன்மைக்கு ஒரு நீளத் துண்டை மேசை ஓரத்தில் மெல்ல வெளியே தள்ளிப் பாருங்கள். பாப்ளின் கொஞ்ச தூரம் விறைப்பாகப் போய் வளையும், ரேயான் உடனே தொங்கிவிடும். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தவருக்கு மென்பொருளில் எண்ணை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று தெரியும்.

இழை நேர்க்கோட்டையும் கவனியுங்கள். அது துண்டில் சும்மா அழகுக்கு வரைந்த அம்பு இல்லை. அதைச் சாய்த்தால் துணி கிராஸ் ஆகிவிடும், பாவாடை வேறு மாதிரி விழும். திரையிலும் அப்படியே.

திரையில் பொருந்தினால் உடம்பிலும் பொருந்துமா?

லூஸான உடுப்பு என்றால் பெரும்பாலும் ஆம், அவதாருக்கு உங்கள் அளவைச் சரியாகக் கொடுத்திருந்தால். நீளம், கழுத்து ஆழம், பாக்கெட் எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் திரையிலேயே முடிவு செய்யலாம். ஒரு சாம்பிள் துணி மிச்சம்.

பிடிப்பான ரவிக்கைக்கு இல்லை என்றே சொல்வேன். அவதாரின் உடம்பு கல். நம் உடம்பு அமுங்கும், மூச்சு விட்டால் விரியும், கையைத் தூக்கினால் முதுகு அகலும். உள்ளாடை மாறினால் மார்பின் உயரமே மாறும். அதனால்தான் நம் ஊர்த் தையல்காரர் டேப்பால் அளந்தாலும் 'நல்லா பொருந்துற அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுங்க' என்று கேட்கிறார். திரையில் ரவிக்கையின் கழுத்து வடிவம், பார்டர் வைக்கும் இடம், ஆரி வேலை எங்கே முடிய வேண்டும் என்று பார்க்கலாம். பொருத்தத்தைத் துணியில்தான் பார்க்க வேண்டும். துவைத்தால் சுருங்கும் துணிக்கு எத்தனை சதவீதம் என்று மென்பொருளில் போடலாம், ஆனால் அந்த எண்ணை ஒரு துண்டைத் துவைத்து அளந்து நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் கேமுக்காகச் செய்கிறேன். தைக்கப் போவதில்லை. எனக்கு எதற்கு நிஜப் பேட்டர்ன்?

மடிப்பு நம்பும்படி விழ. கையால் செதுக்கிய மடிப்பு ஒரு போஸில் நன்றாக இருக்கும். பாத்திரம் உட்கார்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நிஜப் பேட்டர்னில் தைத்த சட்டை முழங்கையில் மடிய வேண்டிய இடத்தில் மடியும்.

இன்னொரு பெரிய லாபம்: பேட்டர்ன் துண்டுகளே யூவி, அதாவது 3டி உருவத்தின் மேல் படம் ஒட்டுவதற்கான தட்டை விரிப்பு. தட்டையான துண்டாகவே தொடங்குவதால் யூவி விரிப்பதற்கென்று தனியாகப் போராட வேண்டாம். கட்டம் போட்ட துணி, புடவைக் கரை மாதிரி ஓரத்தில் ஓடும் டிசைன் எல்லாம் இழுபடாமல் நேராக நிற்கும். ஓபிஜே, எஃப்பிஎக்ஸ் என்று வெளியே எடுக்கலாம். அசைவோடு வேண்டுமென்றால் அலெம்பிக். கேமுக்கு வலையை நாற்கரமாக்கிக் குறைப்பது மட்டும் பாக்கி.

உள்பட்டி, கேன்வாஸ், லைனிங் துண்டுகளை நீங்கள் விட்டுவிடலாம். வெளியில் தெரியாது.

வாங்கிய பேட்டர்னில் செய்த டிஜிட்டல் உடுப்பை விற்கலாமா?

உரிமக் குறிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான். பல பேட்டர்ன்களில் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று இருக்கும். சிலர் சிறிய அளவில் தைத்து விற்க அனுமதி தருவார்கள். ஆனால் தைத்த உடுப்பை விற்க அனுமதி இருக்கிறது என்பதால் 3டி கோப்பை விற்கவும் அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 3டி கோப்புக்குள் துண்டுகள் அப்படியே கிடக்கும். வாங்கியவர் திறந்தால் பேட்டர்னே கைக்குப் போய்விடும். வரைந்தவருக்கு ஒரு மடல் எழுதிக் கேளுங்கள். ஒரு பேட்டர்னை எல்லா அளவுக்கும் கிரேடிங் போட்டு, தைத்துப் பார்த்துத் திருத்தி வெளியிடுவது எவ்வளவு உழைப்பு என்று ஒரு தடவை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைக் குழுக்களில் இலவசமாகப் பகிர்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

டிஜிட்டல் உடுப்புக்கு மட்டும் யார் காசு கொடுப்பார்கள் என்றும் கேட்கிறார்கள். 2019ல் தி ஃபேப்ரிக்கன்ட் என்ற டச்சு நிறுவனம் செய்த, கையால் தொடவே முடியாத ஒரு உடுப்பு 9,500 டாலருக்கு ஏலம் போனது. அதை நம்பி யாரும் வேலையை விட வேண்டாம். நம் பக்கத்தில் வேலை இருப்பது ஏற்றுமதியில்: முதல் சாம்பிளை 3டியில் பார்த்து, கழுத்தையும் நீளத்தையும் அங்கேயே திருத்தச் சொல்லும் பையர்கள் இருக்கிறார்கள். கூரியரில் போய் வரும் நாட்கள் மிச்சமாகின்றன.

எந்த மாதிரி கணினி வேண்டும்?

16 ஜிபி ரேம், என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருந்தால் நிம்மதி. கார்டு சாதாரணமாக இருந்தாலும் பனியன் தைக்கலாம், மெதுவாக.

திரையில் திருத்திய பேட்டர்னை மறுபடி அச்செடுத்து நிஜமாகத் தைக்கலாமா?

தாராளமாக. எடுத்துவிட்ட தையல் இடத்தைத் திரும்பச் சேருங்கள், அடி மடிப்பைச் சேருங்கள். திரையில் ஒரு ஓரத்தை நீட்டியிருந்தால் அதோடு சேரும் ஓரமும் நீண்டிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மென்பொருள் நீளம் வேறாக இருந்தாலும் புகார் சொல்லாமல் இழுத்துத் தைத்திருக்கும். நாட்ச்கள் நேருக்கு நேர் வருகின்றனவா என்றும் பாருங்கள். ஒரு மூலையில் 10 செ.மீ. கட்டம் ஒன்று வரைந்து, அச்செடுக்கும்போது '100%' என்று தேர்ந்து, 'தாளுக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிடுங்கள். முதல் தாள் வந்ததும் மற்ற தாள்களை நிறுத்திவைத்து, அந்தக் கட்டத்தின் மேல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பத்து இருந்தால் மிச்சத் தாள்களை விடுங்கள்.